பட்டனுக்கு வைத்த பரீட்சை

அத்தியாயம் 11

"அத்தை, இங்க வந்து பாருங்களேன். கோழிக்கறி அத்தை! மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிது!"

லாவண்யாவின் குரல் உடைந்திருந்தது. தங்கம் சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் உள்ள நடைபாதையில் மருமகள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் வேகவைத்த கறித்துண்டு, மற்றொரு கை போக்குவரத்துப் போலீஸ் மாதிரி உயர்ந்திருந்தது. அவள் எதிரில் நாய் பட்டன், நாலு காலையும் நீட்டிப் படுத்துக்கொண்டு, கொட்டாவி விட்டது.

"நல்லா கூப்பிட்டுப் பாரு தாயி."

"கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையே போச்சு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை அத்தை. சாயங்காலம் இறங்கி வந்துடுவார் மாடிக்காரர்."

தங்கத்துக்கு மட்டும் தெரியாதா? ஒரு வாரமாக அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு பேச்சு ஏது?

பட்டன் நெஞ்சில் கறுப்புப் பொத்தான் மாதிரி ஒரு புள்ளி உண்டு. அதைப் பார்த்துத்தான் மகன் ஆனந்தகுமார் அந்தப் பெயரை வைத்தான். குட்டியாகச் சட்டைக்குள் போட்டுத் தூக்கி வந்தவன் அவன். தீபாவளி வியாபாரத்தில், கடை நிறைய ஜனம் நிற்கும்போது, "நீ கடைக்கும் லாயக்கில்ல, வீட்டுக்கும் லாயக்கில்ல" என்று அப்பா ஜவஹர் சொன்ன சொல்லைத் தாங்காமல், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இறங்கி நடந்து காணாமல் போனவனும் அவன்தான். பெண்டாட்டி லாவண்யாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. பங்குனியும் பிறந்துவிட்டது. போன் அணைந்தது அணைந்ததுதான்.

கேட் திறந்த சத்தத்தில் பட்டன் பாய்ந்து, பக்கத்துப் போர்ஷன் தபஸ்ஸும் கையிலிருந்த கறிப் பையைப் பிடித்து இழுத்ததையும், அவள் குப்புற விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்ததையும் போன வாரம் பார்த்தோம். மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் கிரீஷ் சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒரு வாரம் டைம் தரேன்மா. அதே தபஸ்ஸும்மா, அதே கறிப் பை, கேட்டும் திறந்திருக்கும். நாய் உக்காந்த இடத்துல உக்காந்திருக்கணும். இல்லேன்னா நாயை அனுப்பிடுங்க. இல்லையா, வேற வீடு பாத்துக்குங்க."

வேற வீடா? தங்கத்தால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மகன் ரோஷக்காரன். இனிமேல் கடைப்படி மிதிக்க மாட்டான். வந்தால் மேற்கு மாம்பலத்தில் இந்தச் சந்துக்கு, இந்த வாசலுக்குத்தான் வருவான். அப்போது இங்கே வேறு யாராவது கதவைத் திறந்தால்?

சரி, நாயை அனுப்பிவிடலாம் என்றால், நேற்று மருமகள் சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது.

"அவர் இந்த வீட்ல விட்டுட்டுப் போனது ரெண்டு பேரை, அத்தை. என்னையும் இதையும். இதைத் துரத்திட்டு நான் மட்டும் எதுக்கு இங்க உக்காந்திருக்கணும்? சிந்தாதிரிப்பேட்டைல எங்கம்மா வீடு இருக்கு. ரெண்டு பேரும் போயிடுறோம்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தங்கம் பயந்திருக்க மாட்டாள். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் ஒரு தடவை சொல்லிப் பாக்கட்டுமா?"

கேட்டது ஜவஹர். வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் கடைச் சாவி. ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கிறவர் இந்நேரத்துக்கு ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

"கடைக்குப் போகலையா நீங்க?" என்றாள் தங்கம்.

"கடைப் பிள்ளைககிட்ட இன்னொரு சாவி இருக்கு, பாத்துக்கிடும்." நாயிடம் குனிந்தார். "உக்காருங்க. இப்படி உக்காருங்க."

பட்டன் வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு மறுபக்கம் புரண்டது.

"அது என்ன சேலை எடுக்கவா வந்திருக்கு? நாய்க்குப் போய் உக்காருங்கவாம்!"

"வாயில வந்துருதுடி. காலம்பூரா கடை வாசல்ல நின்னவன் நான்."

பால்காரனுக்கு 'ங்க', பிச்சைக்காரனுக்கு 'ங்க', நாய்க்கும் 'ங்க'. பெற்ற மகனுக்கு மட்டும்தான் இவர் வாயில் அது வரவில்லை. அடுப்பில் உலை கொதித்தது, தங்கம் உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது லாவண்யா நடைபாதையில் இல்லை. வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் மோட்டார் இருக்கும் மூலையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில், தங்கம் அங்கே ஒளித்து வைத்திருந்த எவர்சில்வர் கிண்ணம்.

கிண்ணத்தின் ஓரத்தில் தயிர்ச்சோறும் முட்டையும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"இது என்ன அத்தை?"

தங்கம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தினமுமா?"

"விடியக்காலம் மட்டும்தான். நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி..."

"பாடம் நடக்கறதுக்கு முன்னாடி எதுவும் போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! பசி இருந்தாதானே கறித்துண்டுக்கு மதிப்பு? வயிறு முட்ட முட்டைச்சோறு தின்னுட்டு வந்து என் எதிர்ல படுத்தா, அது எதுக்கு நான் சொல்றதைக் கேக்கணும்? ஒரு வாரம் அத்தை! ஒரு வாரமா நான்தான் சரியாச் சொல்லித் தரலன்னு தலையைப் பிச்சிக்கிட்டு இருந்தேன்!"

"கத்தாத. மாடிக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்!"

தங்கத்துக்குக் கோபம் வந்தது. குற்றம் செய்தவர்களுக்கு வருகிற கோபம்.

"பசிச்ச வயித்துக்கு முன்னால கறியை ஆட்டிக் காட்டி வேலை வாங்கறது எங்க வீட்ல கிடையாது. நம்ம கடையில வேலை பாக்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பாரு. எவளையாவது சாப்பிடாம ஒரு துணியை மடிக்கச் சொல்லியிருக்கனா? என் மாமியார் காலத்துல இருந்து அப்படித்தான். முதல்ல இலை, அப்புறம்தான் பேச்சு. வாயில்லா ஜீவன் அது. மொகத்தைப் பாத்துட்டு எப்படிப் போடாம இருக்கறது?"

"பட்டினி போடச் சொல்லல அத்தை. அதே சோறுதான். அதைக் கிண்ணத்துல மொத்தமா கொட்டாம, சொன்னதைக் கேக்கக் கேக்கக் கையால கொடுக்கணும். அவ்வளவுதான். நீங்க பாசம்னு செஞ்சீங்க. அதனாலதான் இது இன்னைக்குப் போகப் போகுது."

லாவண்யா கிண்ணத்தைக் குழாயடியில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். தங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு மோட்டார் மேடையில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் பட்டன் அந்தக் கிண்ணத்தில் வாலை ஆட்டி ஆட்டித் தின்னும்போது எத்தனை சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்! அவன் வளர்த்தது, அவன் கை பட்டது என்று நினைத்து நினைத்துப் போட்ட சோறு.

"இப்ப என்ன செய்யணும், சொல்லு" என்றாள். "மதியச் சோத்தை நிறுத்திடவா?"

"நிறுத்தினா சாயங்காலத்துக்குள்ள பசி வரும். ஆனா எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். மாமா 'உக்காருங்க'ங்கறார், நீங்க 'படு'ங்கறீங்க, நான் 'சிட்'ங்கறேன். பாவம், அது யாரைக் கேக்கும்? இனிமே நாலே வார்த்தை. உக்காரு. இரு. வா. போதும்னு விடும்போது 'சரி'. இன்னைக்கு நான் மட்டும்தான் சொல்லுவேன். நீங்க ரெண்டு பேரும் வாயே திறக்கக்கூடாது."

"நான் எதுக்கு வாயைத் திறக்கப் போறேன்?" என்றார் ஜவஹர். அவர் கடைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தார்.

சோறு வெந்தது. குழம்பு கொதித்தது. யாரும் சாப்பிடவில்லை. லாவண்யா கேட்டதற்கு, "அது அப்படிப் பாத்துக்கிட்டு நிக்கும்போது எனக்கு எப்படி எறங்கும்?" என்று தங்கம் பானையை மூடி வைத்துவிட்டாள்.

உச்சி வெயில் சாய்ந்தபோது பட்டன் எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தது. தங்கத்தைப் பார்த்தது. மோட்டார் மூலையைப் பார்த்தது. மறுபடி தங்கத்தைப் பார்த்தது.

தங்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

"பட்டன், உக்காரு."

லாவண்யாவின் கை மேலே போனது. அதன் மூக்கும் கையோடு மேலே போயிற்று. பின்பக்கம் தானாகத் தரையில் அமர்ந்தது. "ரொம்ப நல்ல பிள்ளை!" கறித்துண்டு வாய்க்குள் போன சத்தம் கேட்டது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அந்த ஒரு வாரம் சொன்னதெல்லாம் அதன் மண்டைக்குள் போய்த்தான் இருந்திருக்கிறது. வயிறு நிறைந்திருந்ததால் காட்டவில்லை, அவ்வளவுதான்.

"இரு."

உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே லாவண்யா பின்னால் நகர்ந்தாள். மதில் வரை போனாள். பட்டன் இருந்தது. ஜவஹர் தன்னையறியாமல் கைதட்டப் போய், நினைவு வந்து கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா தண்ணீர் கேன்காரன் வர வேண்டும்? தோளில் கேனோடு, காலால் கேட்டைத் தள்ளித் திறந்துவிட்டான்.

பட்டன் அம்பு மாதிரிப் பறந்தது.

"ஐயோ, புடிங்க! புடிங்க!"

"ஏ பட்டன்! நில்லு! ஓடாத!"

தங்கம் ஒரு பக்கம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜவஹர் ஒரு பக்கம். துரத்தத் துரத்த அது விளையாட்டு என்று நினைத்து நின்று திரும்பிப் பார்க்கும், கிட்டே போனால் மறுபடி பாயும். சந்து முனையில் ஸ்டேஷன் ரோடு. ஆட்டோவும் பைக்கும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகிற ரோடு. ஒரு ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது.

"இன்னாம்மா, நாயைக் கட்டிப் போட மாட்டீங்களா? சாவடிச்சிருப்பேன்!"

"அத்தை, நில்லுங்க! துரத்தாதீங்க!"

தங்கம் திரும்பிப் பார்த்தாள். லாவண்யா நாயை நோக்கி ஓடி வரவில்லை. வீட்டைப் பார்த்து ஓடினாள்! கையைத் தட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பைத்தியம் பிடித்தவள் மாதிரி எதிர்ப்பக்கம் ஓடினாள். "பட்டன், வா! வா வா வா!"

பட்டன் காதைத் தூக்கியது. நம்மை விட்டுவிட்டு எங்கே போகிறாள் என்று அதற்குத் தாங்கவில்லை போலும். ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு, தங்கத்தின் முழங்காலை உரசிக்கொண்டு, தலைதெறிக்க அவள் பின்னால் ஓடியது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது லாவண்யா கேட்டருகே உட்கார்ந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். செத்திருந்தால்? அந்தப் பயத்தில் தங்கம் கையை ஓங்கினாள்.

லாவண்யா அந்தக் கையைப் பிடித்தாள்.

"அடிக்காதீங்க. திரும்பி வந்திருக்கு அத்தை. வந்ததுக்கு அடிச்சா, அடுத்த தடவை எப்படி வரும்?"

பின்னால் ஜவஹரின் செருப்புச் சத்தம் நின்றது.

அவருக்கும் அது கேட்டிருக்கும். இதற்கு முன்னாலும் ஒரு தடவை ஆனந்தகுமார் கோபித்துக்கொண்டு பெங்களூரில் ஏதோ வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போன மானம் பத்தாதுன்னு மறுபடி வந்து நிக்கிறியாடா?" என்று வாசலிலேயே கேட்டவர் இவர். தங்கம் திரும்பிப் பார்த்தாள். ஜவஹர் நாயின் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெயில் இறங்கியது. மாடிப்படியில் கிரீஷ் வந்தார்.

தபஸ்ஸும் தன் போர்ஷன் வாசலில் பையோடு நின்றாள். மாவுக்கட்டுக் கை துப்பட்டாவில் தொங்கியது.

"அக்கா, எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறுது" என்றாள் தங்கத்திடம், ரகசியமாக. "இந்தக் கையி இப்படிக் கெடக்கு, தையல் மிஷின்ல உக்காந்தே நாளாச்சு. இன்னொரு கையும் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? ஒன் மொகத்துக்காகத்தான் நடக்கறேன், ஆமா."

"அல்லா காப்பாத்துவாரு, நடம்மா. நான் இங்கதான் நிக்கறேன்."

"நீ நின்னா? அன்னிக்குந்தான் நின்னே!"

"பையில கறி இருக்கா?" என்று கேட்டார் கிரீஷ். "சும்மா காலிப் பையைத் தூக்கிட்டு வந்தா ஒத்துக்க மாட்டேன்."

"காலைல எடுத்த ஆட்டுக்கறி சாரு. ஃப்ரிட்ஜுலர்ந்து இப்பத்தான் எடுத்தேன். மோந்து பாக்கறீங்களா?"

"வேணாம் வேணாம்."

கேட் அகலமாகத் திறந்தது. லாவண்யா நடைபாதையின் நடுவில் நின்றாள். காலையிலிருந்து சாப்பிடாத முகம், ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"நான் சொல்ற வரைக்கும் யாரும் பேசாதீங்க. அத்தை, மாமா, என்ன நடந்தாலும் அதைக் கூப்பிடாதீங்க." பிறகு, "பட்டன், உக்காரு."

உட்கார்ந்தது.

"இரு."

கையை உயர்த்தியபடி அவள் பின்னால் போனாள்.

தபஸ்ஸும் உதடு முணுமுணுக்க நடந்தாள். பை அவள் தொடையில் இடித்து இடித்து ஆடியது. பட்டனின் மூக்கு பையோடு போயிற்று. எச்சில் ஒழுகித் தரையில் விழுந்தது. அதன் முன்கால் ஒன்று மெல்ல உயர்ந்தது. தங்கத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, மூட முடியவில்லை. பசிக்கிறதே அதற்கு, என் கையால் மதியம் ஒரு கவளம்கூடப் போடவில்லையே!

முன்கால் கீழே இறங்கியது.

தபஸ்ஸும் தாண்டிவிட்டாள். கேட்டுக்கு வெளியே போய்த் திரும்பிப் பார்த்து, "அடியாத்தாடி! ஒக்காந்துகினு கீது பாரேன்!" என்று கட்டுக் கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் தங்கம் பார்த்தாள்.

தபஸ்ஸுமுக்குப் பின்னால், சந்தில், ஒரு ஆள். தோளில் பை. தாடி. கழுத்தெலும்பு தெரிகிற மாதிரி இளைத்த உடம்பு. நிற்கிற விதம் மட்டும் மாறவில்லை, ஒரு காலில் பாரத்தைப் போட்டு.

'ஐயா, வந்துட்டியா' என்ற சொல் நாக்கு வரை வந்துவிட்டது. தங்கம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தினால் நாய் எழுந்துவிடும். நாய் எழுந்தால் எல்லாம் போயிற்று. எத்தனை மாதம் இந்த வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்! இதோ நிற்கிறான், கூப்பிட முடியவில்லை.

பட்டனுக்கும் தெரிந்துவிட்டது. உடம்பு முழுக்க நடுங்கியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல், குழந்தை அழுவது மாதிரி. வால் தரையை அடித்தது. ஆனால் பின்பக்கம் தரையை விட்டு எழவில்லை.

"பட்டன்..." என்றான் ஆனந்தகுமார். சன்னமான குரல்.

நாய் அவனைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி லாவண்யாவைப் பார்த்தது.

கிரீஷ் முதலில் நாயைப் பார்த்தார், அப்புறம் கேட்டைப் பார்த்தார், அப்புறம் தங்கத்தின் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார் போலும்.

"போதும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "இதுக்கு மேல என்ன இருக்கு? நாய் இங்கேயே இருக்கட்டும்." படியேறிப் போய்விட்டார். தபஸ்ஸும் சத்தமில்லாமல் உள்ளே வந்து தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜவஹர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"வாங்க..." என்றார். மகனைப் பார்த்துத்தான் சொன்னார். "உள்ள வாங்க."

ஆனந்தகுமாரின் கண் கலங்கிவிட்டது. கேட்டுக்குள் ஒரு கால் வைத்தான். ஆனால் லாவண்யாவின் உள்ளங்கை இன்னும் இறங்கவில்லை. அவள் அதை இறக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வைத்த காலோடு அங்கேயே நின்றுவிட்டான்.



"சரி" என்றாள் லாவண்யா, பட்டனிடம்.

அவ்வளவுதான். பட்டன் பாய்ந்து போய் அவன் மார்பில் ஏறியது. அவன் அதைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தை, பட்டனுக்குச் சோறு எடுத்து வைங்க. பசியோட இருக்கு."

தங்கம் சமையலறைக்கு ஓடினாள். என்ன கேட்பது, எங்கே போனாய் என்று கேட்பதா, ஏன் வந்தாய் என்று கேட்பதா? ஒன்றும் வேண்டாம். இந்த வீட்டில் முதலில் சோறு, அப்புறம்தான் பேச்சு. பட்டனின் கிண்ணத்தை எடுத்தாள். மேல் அலமாரியில் இத்தனை மாதம் யாரும் தொடாத ஆனந்தகுமாரின் தட்டு இருந்தது. எட்டி எடுத்தாள். அவசரத்தில் தட்டு கிண்ணத்தில் இடித்து ணங்கென்று சத்தம் கேட்டது.

வெளியே லாவண்யாவின் குரல். அதே நிதானம்.

"அத்தை, பட்டனுக்கு மட்டும்தான் சொன்னேன்."

தங்கம் இரண்டு கையிலும் இரண்டு பாத்திரத்தோடு அடுப்பின் எதிரில் நின்றாள்.